ஜெனரேற்றர் இரைச்சலுக்குள் ஓடிய பூனை

2006 ஆம் ஆண்டு மார்கழி மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை, ரொறன்ரோவிலிருந்து பெரியம்மாவின் மகன் தொலைபேசியில் அழைத்தார். ஆவணி 11 ஆம் திகதி ஏ9 பாதை மூடப்பட்டதிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கப்பலையும் விமானத்தையும் விட்டால் வேறு வழி இருக்கவில்லை, மாவுக்கும் சீனிக்கும் சங்கக்கடையில் வரிசையில் நின்றோம், பொழுதுபட்டால் ஊரடங்கு. ஆகவே அண்ணா அழைக்கும்போதெல்லாம் முதலில் எங்கள் எல்லோருடைய பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி விசாரிப்பார். ஒருவரும் குறையவில்லை என்று தெரிந்த பின்னர்தான் மற்றக் கதைகள். அன்றைக்கும் அப்படியே விசாரித்து முடித்துவிட்டு, என்னிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னார்.

“தம்பி, ரொம் அன் ஜெரி கீறின பார்பெரா செத்துப்போனாராம். தொண்ணூற்றைஞ்சு வயசு. இஞ்ச ரீவியில காட்டினவங்கள்.”

அதற்குப் பிறகு இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. அவருடைய தொலைபேசி அட்டையில் நிமிடங்கள் கரைந்துகொண்டிருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். இருந்தும் சொல் வரவில்லை. கடைசியில் அவர்தான், “பியானோ விழுந்து பூனை சாகிற படம் ஞாபகமிருக்கோ?” என்று கேட்டார். ஞாபகமிருந்தது. அந்தப் படத்தை நாங்கள் இருவரும் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது, அவருக்குப் பன்னிரண்டு.

ஜோசப் பார்பெரா 1911 பங்குனி 24 ஆம் திகதி நியூயோர்க்கில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பமொன்றில் பிறந்தவர். வங்கியொன்றில் வேலை பார்த்துக்கொண்டே சஞ்சிகைகளுக்குக் கார்ட்டூன் கீறி அனுப்பியவர். 1937 இல் எம்.ஜி.எம். நிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தபோது அங்கே வில்லியம் ஹன்னாவைச் சந்தித்தார். அதன் பின்னர் இருவரும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரியவில்லை. 1940 இல் வந்த அவர்களுடைய முதற் பூனை-எலிப் படத்தில் பூனைக்கு ஜாஸ்பர் என்றுதான் பெயர். ரொம், ஜெரி என்ற பெயர்களை அதே பிரிவில் வேலைசெய்த இன்னொரு கலைஞர் ஒரு போட்டிக்கு எழுதிக்கொடுத்து 50 டொலர் பரிசு வாங்கினார். இருவரும் அங்கே உருவாக்கி 1958 வரை வெளிவந்த 114 படங்களில் ஏழு ஒஸ்கார் விருது பெற்றன. அந்த விருதுகளை மேடையேறி வாங்கியவரோ தயாரிப்பாளர் பிரெட் குவிம்பி. கீறிய கைகளும் கணக்கிட்ட தலையும் மேடைக்குக் கீழே இருந்தன என்பதை அறிந்த நாளிலிருந்து அது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்த விவரங்கள் எவையும் 1993 இல் எங்களுக்குத் தெரியாது. 1990 ஆனியில் சண்டை மீண்டும் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோனது. செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றினோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தோம். அப்படியிருக்கையில், கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு கலியாணம் நடந்தது. மறுநாள் இரவு ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து வந்து முற்றத்தில் படம் போட்டார்கள். ஜெனரேற்றரைக் கிணற்றடியில் வைத்து, ஒரு மூடியளவு பெற்றோலைக் காட்டி இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். அதன் இரைச்சலை இப்போதும் என்னால் நெஞ்சுக்குள் உணர முடிகிறது. பெரியவர்களுக்கான தமிழ்ப் படம் தொடங்குவதற்கு முன்னர் பிள்ளைகளை இருத்துவதற்காக எங்கிருந்தோ வந்த ஒரு கார்ட்டூன் கசற்றைப் போட்டார்கள்.

தமிழ்ப் படம் ஓடும்போது முற்றம் முழுவதும் “என்ன சொன்னவன்? என்ன சொன்னவன்?” என்ற கேள்விதான் நிரம்பியிருந்தது, ஜெனரேற்றர் வசனங்களை விழுங்கிவிட்டது. பூனையும் எலியும் ஓடியபோது எங்களில் ஒருவராவது அப்படிக் கேட்கவில்லை. ஆங்கிலம் தெரியாத பிள்ளைகள், சிங்களம் தெரியாத பிள்ளைகள், காது கேளாத பின்வீட்டுத் தாத்தா ஆகிய அனைவரும் ஒரே கணத்தில் சிரித்தோம். பார்பெராவின் கலை எத்தகையது என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் அந்த முற்றத்தைத்தான் சொல்வேன். ஒலியை முழுவதுமாகப் பறித்த பின்னரும் ஒரு சிரிப்புக்கூடத் தவறாமல் வந்து சேர்ந்த படங்கள் அவை.

பியானோப் படத்தில் பேச்சும் உண்டு. 1949 இல் வந்த அந்தப் படத்தில், மாடிப்படியால் உருண்டுவந்த பியானோவின் கீழ் நசுங்கி ரொம் இறந்துபோகிறது. அதன் உயிர் ஒளிவீசும் நகரும் படியில் ஏறி மேலுலகத்துப் புகையிரத நிலையத்துக்குப் போகிறது. வாயிலில் இருக்கும் பூனை தன்னுடைய பேரேட்டைப் புரட்டிவிட்டு, எலிக்கு நீ செய்த கொடுமைகளுக்கு அதனிடமே மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவந்தால்தான் வண்டியில் ஏறலாம், ஒரு மணித்தியாலம் அவகாசம் என்று திருப்பி அனுப்புகிறது. இந்தப் பேச்சில் ஒரு சொல்லும் எங்களுக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் விளங்கியிராது. ஆனால் அந்தக் கடதாசி என்னவென்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போவதற்குப் பாஸ் எடுக்கவேண்டியிருந்த காலம் அது. பூனைக்குப் பாஸ் கிடைக்கவில்லை, அதற்கு எலி பிணை நிற்கவேண்டும் என்று அண்ணா எனக்கு விளங்கப்படுத்தினார். அது மிகச் சரியான விளக்கம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

2002 இல் சமாதான காலம் வந்து, பாதை திறந்து, வீட்டுக்குக் கேபிள் இணைப்பும் வந்த பிறகுதான், அந்தப் படங்களுக்கு இசை இருந்தது என்பதை முதன்முறையாகக் கேட்டேன். எனக்குப் பதினெட்டு வயது. பூனை கால்விரல்களில் பதுங்கி நடக்கும்போது வயலின் தந்திகளை விரலால் சுண்டுகிறார்கள். எலி தலையைத் திருப்பினால் ஒரு குழல் அதனோடு திரும்புகிறது. பூனை படிகளில் உருளும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு சுரம் இருக்கிறது. ஸ்கொட் பிராட்லி என்பவர் ஒரு வாத்தியக்குழுவையே வைத்து அதனை அமைத்திருந்தார். வால் நசுங்கும்போது ரொம் எழுப்பும் அந்த நீண்ட அலறல் ஹன்னாவின் சொந்தக் குரல் என்பதைப் பின்னர் அறிந்தேன். பத்து ஆண்டுகளாக நான் நேசித்த ஒன்றின் பாதி என்னிடமிருந்து மறைந்திருந்தது என்று அன்று தோன்றியது. மகிழ்ச்சியும் துக்கமும் சேர்ந்து வந்தன. அம்மா பார்க்காதபடி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இடையில் எங்களுக்குப் படம் கீறப் பழக்கிய சித்திர வாத்தியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் பாடசாலையில் பூச்சாடியும் கோயில் கோபுரமும் கீறப் பழக்கினார். பின்னேரங்களில், விரும்பி வந்த நான்கைந்து பேருக்கு, அப்பியாசக் கொப்பியின் மூலையில் படங்களை ஓடவைக்கப் பழக்கினார். மின்சாரம் இருந்த காலத்தில் ஒரு நண்பருடைய டெக்கில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தே அதனைக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். திரைப்படம் ஒரு செக்கனுக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு வைத்தால் 12 படங்கள் போதும். ஏழு நிமிடக் கார்ட்டூனுக்குப் பத்தாயிரம் சட்டங்களுக்கு மேல் வேண்டும். என்னுடைய 80 பக்கக் கொப்பியில் 40 தாள். அதாவது மூன்று செக்கனுக்குச் சற்று அதிகம். அந்த மூன்று செக்கனுக்காக நான் ஒரு மாதம் உழைத்தேன்.

பூனை மதிலிலிருந்து விழுவதைக் கீறியிருந்தேன். வாத்தியார் கொப்பியை விரலால் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, “விழுகிறதைக் கீறாத. விழ முன்னம் அது அந்தரத்தில நிக்கிறதைக் கீறு,” என்றார். ரொம் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் நடக்கும். கீழே ஒன்றுமில்லை என்பதை உணரும். எங்களைத் திரும்பிப் பார்க்கும். அதன் பிறகுதான் விழும். அந்தப் பார்வை சற்று முந்தினாலும் சிரிப்பு வராது, சற்றுப் பிந்தினாலும் வராது. பார்பெரா கதையையும் சேட்டையையும் கண்டுபிடித்து மளமளவென்று கீறித் தள்ளுவார். ஹன்னா ஒவ்வொரு அசைவுக்கும் எத்தனை சட்டங்கள் என்று தாளக்கணக்குப்போல் எண்ணி வைப்பார். ஆகவே எங்கள் வாத்தியார் அவர்களைக் கீறுகிறவர், எண்ணுகிறவர் என்றே அழைத்தார். பெயர்களைவிட எனக்கு அதுவே பொருத்தமாக இருக்கிறது.

நான் அந்தரத்தில் நிற்கும் பூனையை ஏழு தாள்களுக்கு நீட்டினேன். 1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நடந்தபோது அந்தக் கொப்பி மேசையில் இருந்தது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது மேசையும் இல்லை.

1957 இல் எம்.ஜி.எம். தன்னுடைய கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டது. பழைய படங்களை மறுபடி வெளியிட்டாலே போதிய வருமானம் வரும் என்று கணக்குப் பார்த்தார்கள். ஹன்னாவும் பார்பெராவும் சொந்த நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சிக்குப் போனார்கள். அங்கே காசு மிகக் குறைவு. ஆகவே உடம்பை அசையாமல் வைத்துவிட்டுத் தலையை மட்டும் புதிதாகக் கீறினார்கள். யோகி கரடி கழுத்துப்பட்டி கட்டியிருப்பதற்குக் காரணம் இதுதான். தலையும் உடம்பும் பிரியும் கோட்டை அது மறைத்தது. அதே துறையின் பெருங்கலைஞரான சக் ஜோன்ஸ் இத்தகைய தொலைக்காட்சிக் கார்ட்டூன்களைப் படம் போட்ட வானொலி என்று கண்டித்தார். எங்கள் வாத்தியாரும் அவர் பக்கம்தான். 1960 இல் தொடங்கிய கற்காலக் குடும்பத் தொடர் ஒன்றைக் கேபிளில் பார்த்துவிட்டு, ஒலியை நிறுத்தினால் இதில் ஒன்றுமே மிஞ்சாது, ஜெனரேற்றர் காலத்தில் இதைப் போட்டிருந்தால் பிள்ளைகள் எழும்பிப் போயிருப்பார்கள் என்று சொன்னார். அது உண்மைதான். ஆனாலும் நான் அவரோடு முழுவதும் உடன்படவில்லை. இருந்த சில சொட்டு எண்ணெயில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்ட ஊரிலிருந்து வந்தவன் நான். மூடப்பட்ட கூடத்திலிருந்து வெளியே வந்த கலைஞர்களுக்குப் பல ஆண்டுகள் வேலை கொடுத்த அந்தச் சிக்கனத்தை என்னால் இகழ முடியவில்லை.

ஆனால் மன்னிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 1940 முதல் 1952 வரை வந்த படங்கள் பலவற்றில், முகம் காட்டப்படாமல் காலும் செருப்புமாக மட்டும் வந்து பூனையை ஏசும் வீட்டுப் பணிப்பெண் கறுப்பினத்தவர். வெடி வெடித்தவுடன் பூனையின் முகம் கறுத்து, உதடு தடித்து, கறுப்பு மக்களைப் பரிகசிக்கும் உருவமாக மாறும் காட்சிகளும் உள்ளன. சிறுவயதில் அந்தப் பெண்ணை எங்கள் பெரியம்மாமாரில் ஒருவராகவே எடுத்துக்கொண்டு சிரித்தோம். வளர்ந்து, அமெரிக்காவில் அந்த உருவங்களுக்குப் பின்னால் இருந்த வரலாற்றை வாசித்தபோது, சிரித்த வாய் கசந்தது. பார்பெராமீது எனக்கு இருக்கும் அன்புக்காக இதனைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

தொலைபேசி வந்த மறுநாள் காலையில் வாத்தியாரைத் தேடிச் சைக்கிளில் போனேன். அவர் சங்கக்கடை வரிசையில் கூப்பன் மட்டையோடு நின்றார். பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன்.

“ஆர், எண்ணுறவரோ? கீறுறவரோ?”

“கீறுறவர், சேர். எண்ணுறவர் 2001 இலேயே போயிட்டார்.”

ஹன்னா 2001 பங்குனியில் இறந்த செய்தி எங்களுக்கு ஓராண்டு கழித்துத்தான் கிடைத்திருந்தது. வாத்தியார் ஒன்றும் சொல்லாமல் கூப்பன் மட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். வரிசை முன்னே நகர்ந்தது, அவர் நகரவில்லை. பின்னால் நின்ற பெண்மணி, “என்ன சேர், ஆரும் சொந்தத்துக்குள்ளயோ?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அந்த நாள்களில் எவரும் எவரிடமும் கேட்கக்கூடிய கேள்வி அது. “இல்லைப் பிள்ளை, தூரத்து ஆள்,” என்றார் வாத்தியார்.

அந்தக் கேள்விக்கு முன்னால் நான் வெட்கப்பட்டேன். எங்கள் பக்கத்து ஒழுங்கையில், என்னைவிட ஒரு வயது குறைந்தவனான இளைஞன் ஒருவன் நான்கு நாள்களுக்கு முன்னர் தன் வீட்டுப் படலையில் சுடப்பட்டு இறந்திருந்தான். அவனுக்கு அழுவதற்கே ஊர் அஞ்சியது. ஊரடங்குக்கு முன்னர் எடுக்கவேண்டுமென்று உடலை அவசரமாகச் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். அப்படிப்பட்ட கிழமையில், அமெரிக்காவில் நிறைவயதில் போன ஒருவருக்காக நெஞ்சு கனப்பது முறையா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். வீட்டில் அம்மம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவருடைய மூத்த மகன் 1987 ஐப்பசியில் சண்டைக்குள் அகப்பட்டு இறந்தவர். உடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. அம்மம்மா பாக்கு வெட்டுவதை நிறுத்தாமலே கேட்டார்.

“எத்தினை வயசெண்டு சொன்னனி?”

“தொண்ணூற்றைஞ்சு.”

“வீட்டிலயோ செத்தவர்?”

“ஓம். மனுசி பக்கத்தில இருந்தவவாம்.”

“தன்ர வீட்டில, மனுசி பக்கத்தில இருக்க…” என்று அவர் மெல்லத் திருப்பிச் சொன்னார். பிறகு, “அப்பிடிப் போறவைக்கும் ஆரும் அழத்தானே வேணும்,” என்றார்.

அந்த ஒரு சொல் எனக்கு அனுமதியாக இருந்தது. கிறிஸ்மஸுக்கு முந்திய நாள் பகல், மின்சாரம் வரும் நேரம் பார்த்து, வாத்தியாரை வீட்டுக்கு அழைத்தேன். சமாதான காலத்தில் வாங்கிய பழைய சீடி ஒன்றில் பியானோப் படம் இருந்தது. கணினியை விறாந்தைக்குக் கொண்டுவந்து வைத்தேன். நாங்கள் மூவர்: வாத்தியார், நான், சாய்மனைக் கதிரையில் அம்மம்மா. ரொறன்ரோவில் அதே படத்தை அண்ணா தன் மகளோடு பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அங்கே அப்போது நள்ளிரவு கழிந்திருக்கும்.

படத்தைப் போடப் போகும்போது வாத்தியார் கையை நீட்டி ஒலிபெருக்கியின் இணைப்பைக் கழற்றினார். பக்கத்து ஒழுங்கையில் இன்னும் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு கழியவில்லை. செத்தவீட்டுக்குக் கேட்கும்படி வாத்தியமும் சிரிப்பும் ஒலிப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அதை எனக்கு யாரும் நினைவூட்டவேண்டி வந்திருக்கக் கூடாது. ஆகவே ஸ்கொட் பிராட்லியின் இசையும் ஹன்னாவின் குரலும் இல்லாமல், 1993 இல் அந்த முற்றத்தில் பார்த்தது போலவே, பூனை மறுபடியும் சத்தமின்றி ஓடத் தொடங்கியது. ஜெனரேற்றர் இரைச்சல் இருந்த இடத்தில் இப்போது அடுத்த ஒழுங்கையின் ஒப்பாரி மெல்லிதாகக் கேட்டது.

பியானோ விழுந்தது. ரொம் படியேறிப் போனது. வாயிலில் அதற்கு முன்னால் வேறு பூனைகள் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் எப்படி இறந்தது என்பது அதன் உடம்பிலேயே தெரிகிறது. கடைசியில் ஈரச் சாக்கு ஒன்று தத்தித் தத்தி வரும்; அதற்குள்ளிருந்து மூன்று குட்டிகள் எட்டிப் பார்க்கும். யாரோ சாக்கில் கட்டித் தண்ணீருக்குள் எறிந்த குட்டிகள். அவை கேள்வி எதுவும் கேட்கப்படாமல் உள்ளே விடப்படும். இரண்டு மூன்று செக்கன் சிரிப்புக்குள் அதைக் கொண்டுவந்து வைத்த மனிதர்களை நான் எளிய கேளிக்கைக்காரர்களாக ஒருபோதும் எண்ணியதில்லை. சிறுவயதில் நாங்கள் அந்த இடத்திலும் சிரித்திருப்போம். அன்றைக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். அவை மூன்றும் உள்ளே போய் முடியும்வரை திரும்பப் போடவில்லை.

அதற்குப் பிறகு ரொம் எலியிடம் கெஞ்சும் காட்சிகள் வந்தன. ஒரு மணித்தியாலம் முடியப்போகும் வேளையில் ஜெரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, பூனை ஓடியது, நகரும் படி கண்முன்னே மறைந்தது. விளிம்பில் ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பிறகு விழுந்தது. வாத்தியார் தன்னையறியாமல் முழங்காலில் விரலால் தட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

“2005 இலயும் ரொம் ஜெரிக்கு ஒரு கதை எழுதியிருக்கிறார், சேர். 94 வயசில,” என்றேன்.

“கை நடுங்கியிராதோ?” என்று கேட்டார். அவருடைய கை அப்போதே நடுங்கத் தொடங்கியிருந்தது.

அம்மம்மா இடையில் கண்ணயர்ந்துவிட்டார். மின்சாரம் நின்று திரை கறுத்ததும்தான் விழித்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அணைந்த திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அந்தப் பூனை பிறகு எழும்பினதோ?”

“ஓம் அம்மம்மா. கனவுதான். அடுப்படியில படுத்திருந்து எழும்பி, ஓடிப்போய் எலியைக் கட்டிப்பிடிச்சது.”

அவர் தலையை அசைத்தார். ஊரடங்குக்கு முன்னர் போய்ச் சேரவேண்டுமென்று வாத்தியார் சைக்கிளை எடுத்தார். நான் படலைவரை போய், அவர் ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை நின்றேன்.